அடிவாரத்துச் சாமை அரிசிக் கடை

ஏற்காடு அடிவாரத்தில், மலை ஏறுவதற்கு முன்பே வரும் சின்னக் கடை. மூன்று மாதமாக இங்கேதான் சாமை வாங்குகிறேன். தவிடு முழுசாகப் போகாத அரிசி; கையில் அள்ளினால் லேசாக மாவு ஒட்டும். பொலபொலவென்று வேகிறது. போன முறை கல் கிடந்தது; சொன்னதும் கடைக்கார அக்கா மறுபேச்சில்லாமல் வேறு அரிசி புடைத்துக் கொடுத்தார்.

சேர்வராயன் மலையில் வானம் பார்த்த நிலத்தில் விளைந்தது. நெல் வயலில் பெரும்பாலும் தண்ணீர் தேக்கி வைப்பார்கள், அதிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் கிளம்பும். சாமைக்கு நாலு நல்ல மழை போதும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது சரி, அதை விதைக்கிறவர் வீட்டில் அடுப்பெரிகிற அளவுக்கு விலை கிடைக்க வேண்டுமே! இங்கே விலை கொஞ்சம் கூடத்தான். நான் பேரம் பேசுவதில்லை.