90,000 மைல் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: போர்ஷே 997, ஜாகுவார் எக்ஸ்கே, ஆஸ்டன் மார்ட்டின் வான்டேஜ் – எதை நம்பி வாங்கலாம்?

"வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?" என்று ஊரில் கேட்டால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் புறப்பட்டவர்களை மிரட்டுவது இந்த இரண்டாவது மைலேஜ்தான். விளம்பரத்தில் 90,000 என்று கண்ணில் பட்டதும் அடுத்த வண்டிக்குத் தாவிவிடுகிறோம். அந்தப் பயம் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பது போன குளிர்காலம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். நானும் என் மனைவியின் தம்பியும் வார இறுதிகளில் அலைந்து மூன்று வகை வண்டிகளைப் பார்த்தோம். அவன் மனசு ஆஸ்டன் மேல், என் மனசு போர்ஷே மேல். நடுவில் யாரும் எதிர்பார்க்காமல் ஜாகுவார் வந்து நின்றது.

மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. போர்ஷே 911-இன் 997 தலைமுறை 2004-இல் வந்தது, வி8 வான்டேஜ் 2005-இல், புதிய எக்ஸ்கே 2006-இல். இருபது வயதை ஒட்டிய வண்டிகள். இந்த வயதில் 30,000 மைல் மட்டுமே ஓடிய வண்டி என்றால், பெரும்பகுதி காலம் அது நின்றே இருந்திருக்கிறது. நிற்கும் வண்டியில் ரப்பர் சீல்கள் காயும், பிரேக் டிஸ்க்குகளில் துரு ஏறும், டயர் கல்லாகும். ஒரு வான்டேஜின் டயர் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தோம். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் சொல்லும். பூ மாதிரி தேய்மானமே இல்லாத அந்த டயர்களுக்குப் பன்னிரண்டு வயது.

போர்ஷே 997

இங்கேதான் மைல் கணக்கு ரொம்பவும் ஏமாற்றுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

997-இன் முதல் பாதி வண்டிகளில் இரண்டு நோய்கள் பேசப்படுகின்றன. ஒன்று ஐஎம்எஸ் பேரிங். கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டின் முனையில் இருக்கும் பேரிங் அது. உடைந்தால் எஞ்சினே போய்விடும். இந்தக் கெட்ட பெயர் பெரும்பாலும் முந்தைய 996 தலைமுறையும் அதே காலத்து பாக்ஸ்டர் என்ற சின்ன போர்ஷேயும் சம்பாதித்தது. அமெரிக்காவில் அதற்காகக் கூட்டு வழக்கு நடந்து 2013-இல் சமரசம் ஆனது. 2005-ஐ ஒட்டி போர்ஷே பெரிய பேரிங்குக்கு மாறிய பிறகு பிரச்சினை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பெரிய பேரிங்கை எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் இடைத்தண்டே கிடையாது.

இரண்டாவது நோய் எனக்கு இன்னும் பெரிய கவலை: சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. பட்டறைகளில் போர் ஸ்கோரிங் என்பார்கள். 997-இன் 3.8 லிட்டர் வகையான கரேரா எஸ்-இல் இதை அதிகம் பேசுகிறார்கள். அறிகுறிகள் தெளிவானவை: சூடேறிய பிறகும் நிற்காத டக் டக் சத்தம், ஆயில் குடிப்பது, இரண்டு புகைக்குழாய்களில் ஒன்றில் மட்டும் அடர்ந்த கரி. பழுது பார்க்க எஞ்சினைத் திறந்தால் 10,000 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

இதற்கு ஓடிய மைல் நேரடிக் காரணம் அல்ல. குளிரில் ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடாகும் முன்பே இரண்டு மைலில் அணைத்து, மறுநாளும் அதையே செய்வதுதான் எஞ்சினை அரிக்கிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் அவை ஆவியாகிவிடும், கடைத்தெருவுக்குப் போய்வந்தால் ஆகாது.

இதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. 997-இன் எஞ்சின் கம்ப்யூட்டர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வைத்திருக்கிறது. டீலரிடமோ போர்ஷே தெரிந்த தனிப் பட்டறையிலோ அந்த அறிக்கையை எடுத்துத் தருவார்கள். நாங்கள் இரண்டு வண்டிகளுக்கு எடுத்தோம். முதல் வண்டி 41,000 மைல், 2,280 மணி நேரம். வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 18 மைல். முழுக்க முழுக்க ஊருக்குள் ஊர்ந்த வண்டி. இரண்டாவது 92,000 மைல், 2,550 மணி நேரம், சராசரி 36 மைல். தூரத்தில் இரட்டிப்புக்கும் மேல், எஞ்சின் உழைத்த நேரத்திலோ பெரிய வித்தியாசமே இல்லை! விலையில் மட்டும் முதல் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல்.

அதே அறிக்கையில் ஓவர்ரெவ் பதிவும் இருக்கும். எஞ்சின் எல்லையைத் தாண்டிச் சுழன்ற தருணங்களை ஆறு வரம்புகளாகப் பிரித்து, எத்தனை முறை என்றும் எத்தனையாவது மணி நேரத்தில் என்றும் எழுதிவைத்திருக்கும். கீழ் வரம்புகளில் எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், யாரோ உற்சாகமாக ஓட்டியிருக்கிறார்கள். மேல் வரம்புகளில் எண் இருந்தால், ஐந்தாவது கியருக்குப் பதில் மூன்றில் தவறிப் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எஞ்சினுக்கு அது அடி. எப்போது நடந்தது என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஆயிரம் மணி நேரம் ஓடிவிட்டது என்றால் நான் மன்னிப்பேன். போன மாதம் என்றால் கிளம்பி வந்துவிடுவேன்.

கடைசியாக போர்ஸ்கோப், அதாவது எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா. ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பகுதிக் கீறல் தப்பிவிடலாம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு பவுண்டு ஆகும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியைப் பற்றி மேலே பேச எதுவும் இல்லை. 41,000 மைல் வண்டியின் விற்பனையாளர் எங்களிடம் மறுத்தார்.

ஜாகுவார் எக்ஸ்கே

மைல் பயம் மிகக் குறைவாகப் பொருந்தும் வண்டி இது. மற்ற இரண்டின் பாதி விலைக்கே நல்ல எக்ஸ்கே கிடைக்கிறது என்பதால், பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது தவறு.

2006-இல் வந்தபோது இதில் இருந்தது 4.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், சுமார் 300 குதிரைத்திறன். அதே குடும்பத்து எஞ்சின் ஜாகுவாரின் பெரிய செடான்களிலும் ஓடியது. தொழிலதிபர்களையும் விமான நிலையப் பயணிகளையும் சுமந்து லட்சக்கணக்கான மைல் ஓடிப் பழகிய எஞ்சின். உதிரி பாகம் கிடைக்கும், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் கிடைப்பார். உடல் முழுக்க அலுமினியம், ரிவெட்டும் பசையுமாக ஒட்டியது. அடித்தட்டு துரு என்ற பழைய ஜாகுவார்களின் சாபம் பெருமளவு நீங்கிவிட்டது. ஆனாலும் பெயிண்டுக்கு அடியில் அலுமினியம் குமிழ் விடும். கதவு விளிம்பிலும் சக்கர வளைவிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கீழே உள்ள எஃகு பாகங்கள் துருப்பிடிக்கவே செய்யும்.

2009-இல் வந்த 5.0 லிட்டர் கவர்ச்சியானது, சுமார் 380 குதிரைத்திறன். நான் பழசாகத் தேடினால் 4.2-ஐத்தான் எடுப்பேன். தொடக்ககால 5.0-களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்கிறது, தண்ணீர் பம்பு ஒழுகுகிறது. குளிரில் முதல் ஸ்டார்ட்டின்போது பானட்டைத் திறந்து காது கொடுங்கள். சில நொடி கலகலத்தால் செலவு காத்திருக்கிறது. நீங்கள் போகும் முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்பது ஜாகுவாரின் பேச்சு. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்த ரசீது கோப்பில் இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் வண்டியை நேசித்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டும்போது? 911-இன் ஸ்டீயரிங் கையில் பேசுவது போல இது பேசாது. நீண்ட பயணத்துக்கு மெத்தென்றிருக்கும், வி8-இன் சத்தம் அடித்தொண்டையில் உறுமும். என் அம்மா மூன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இதைத்தான் வண்டி என்றார்.

ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ்

இதைப் பக்கத்தில் நிறுத்தினால் மற்ற இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆரம்ப 4.3 லிட்டர் எஞ்சினின் அடித்தளமே ஜாகுவாரின் வி8 என்பது பலருக்குத் தெரியாது. அப்போது இரண்டு நிறுவனமும் ஃபோர்டின் கையில் இருந்தன. 2007-இல் ஆஸ்டனை விற்றார்கள், 2008-இல் ஜாகுவார் டாடாவிடம் போனது. ஆஸ்டன் அந்த எஞ்சினை வெகுவாக மாற்றி, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அமைப்போடு 380 குதிரைத்திறன் எடுத்தது. 2008-இல் 4.7 லிட்டராகி 420 ஆனது.

எஞ்சின் உறுதியானது. மைல் கூடக்கூடச் செலவு வைப்பது கிளட்ச். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சில், நடுவே நீண்ட குழாய். கிளட்ச் மாற்ற அந்தப் பின்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். அதனால் பில் பல ஆயிரம் பவுண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு 50,000 மைல் வரும் கிளட்ச், லண்டன் நெரிசலில் அதில் பாதிகூட வராமல் தீரலாம். கிளட்சைக் கம்ப்யூட்டர் மிதிக்கும் ஸ்போர்ட்ஷிஃப்ட் வண்டியில், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் தேய்மானம் கூடும்.

ஆகவே இந்த வண்டியில் மொத்த மைலைவிடக் கடைசி கிளட்சுக்குப் பிந்தைய மைலைக் கேளுங்கள். 80,000 மைல் ஓடி, போன வருடம் கிளட்ச் மாற்றிய வான்டேஜ், 32,000 மைலில் முதல் கிளட்சோடு நிற்கும் வான்டேஜைவிடக் கையில் காசை மிச்சம் வைக்கும். மைத்துனனிடம் இதைச் சொன்னபோது, "அத்தான், நீங்க ஆசையில மண்ணள்ளிப் போடுறீங்க" என்றான். பிறகு அவனே விற்பனையாளருக்கு போன் செய்து கிளட்ச் ரசீதைக் கேட்டான். இருக்கை இரண்டே இரண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 911-இலும் எக்ஸ்கேயிலும் பின்னால் சின்னப் பிள்ளைகளையாவது உட்கார வைக்கலாம்.

வரியும் எம்ஓடியும்

சாலை வரியில் ஒரு தேதி முக்கியம்: 23 மார்ச் 2006. அதற்கு முன் பதிவான வண்டிகளுக்கு உச்ச வரியில் ஒரு தடுப்பு இருக்கிறது, பின் பதிவானவற்றுக்கு இல்லை. இந்த மூன்று வண்டிகளுமே கார்பன் டை ஆக்சைடு அதிகம் விடுபவை என்பதால் வித்தியாசம் ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல். 2005-ஆம் ஆண்டு 997-க்கு இதனால் ஒரு சலுகை, எக்ஸ்கேக்கு அநேகமாகக் கிடைக்காது.

எம்ஓடி என்பது வண்டிக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை. அதன் வரலாறு அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு சோதனையிலும் ஓடோமீட்டர் என்ன காட்டியது என்று பதிவிருக்கும். எண் பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வருடம் மொத்தமாகவே 600 மைல் ஓடியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வரிசை இதுதான். நிம்மதிக்கு 4.2 எக்ஸ்கே, எத்தனை மைல் என்றாலும் பரவாயில்லை, ரசீதுகள் இருந்தால் போதும். ஓட்டும் சுகத்துக்கு அதிகம் ஓடிய 997, ஆனால் மணிநேர அறிக்கையும் கேமராவும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வான்டேஜ் கடைசியில், புதிய கிளட்ச் ரசீது இருந்தால் மட்டும்.

நான் அந்த 92,000 மைல் கரேரா எஸ்-ஐ எடுத்தேன். சம்பைக் கழற்றிப் பார்த்த படங்கள் ஆறும் சுத்தமாக இருந்தன. விலையில் மிச்சமான பணத்தை அப்படியே எஞ்சின் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறேன், தொடவில்லை. 6,000 மைல் ஆனாலும் ஒரு வருடம் ஆனாலும், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றுகிறேன். கடைக்குப் போக என் மனைவியின் சின்ன வண்டியை எடுக்கிறேன். மைத்துனன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். போன ஞாயிறு ஒரு 77,000 மைல் வான்டேஜின் கோப்பை அனுப்பினான். பதினான்காம் பக்கத்தில் கிளட்ச் ரசீது இருக்கிறது, மாற்றிப் பதினெட்டு மாதம்தான் ஆகிறது. வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.