தாராக் காலுக்குத் தன்னொட்டுப் பட்டி: ஒரு மாரிகாலப் பயன்பாட்டு மதிப்பீடு

மருந்தகங்களில் சுளுக்குக்கும் மூட்டு நோவுக்கும் என்று விற்கப்படும், தோலில் ஒட்டாமல் தன்மீது மட்டுமே ஒட்டுகின்ற இழுபட்டிச் சுருள் ஒன்றை, முட்டைக்காக வளவில் வளர்க்கும் தாராக்களின் (வாத்துகளின்) பாதப்புண்ணுக்குக் கட்டுவதற்காக, கடந்த மாரியில் மட்டக்களப்புக்கு அருகே காத்தான்குடியிலுள்ள மருந்தகமொன்றில் வாங்கினேன். இரண்டு அங்குல அகலமும், இழுத்தால் ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமும் கொண்ட சுருள் அது. இரண்டரை மாதங்களில் இரண்டு சுருள்களை முடித்து மூன்றாவதையும் பிரித்துவிட்ட நிலையில், அந்தப் பட்டியைப் பற்றியும், அதனுடன் சேர்த்து வாங்கிய மருந்துகளைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் பம்பிள்ஃபுட் என்று அழைக்கப்படும் இந்தப் பாதப்புண், பெரும்பாலும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பக்டீரியாவால் உண்டாகிறது. அந்தக் கிருமி எங்கும் இருப்பது. பாதத்தின் அடித்தோலில் ஒரு சிராய்ப்பு ஏற்படும்வரை அதனால் உள்ளே நுழைய முடிவதில்லை. ஆரையம்பதியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வெறும் மணலில் இருக்கும் எங்கள் வளவில் பல வருடங்களாகத் தாரா வளர்த்தும் இப்படியொரு புண்ணை நான் கண்டதில்லை. மாரி தொடங்குமுன், கழுவுவதற்கு இலகுவாக இருக்குமென்று எண்ணிக் கூட்டின் தரைக்குச் சீமெந்து போட்டேன். மேசன் அதைச் சொரசொரப்பாகவே விட்டுப்போனார். வழுக்காமல் இருக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நவம்பரிலிருந்து விடாது பெய்த மழையில் அந்தத் தரை காயவேயில்லை. ஈரத்தில் ஊறி மெதுமையான பாதத்தைச் சொரசொரப்பான சீமெந்து தேய்க்க, தை பிறக்கும்போது இரண்டு தாராக்கள் நொண்டத் தொடங்கின. இரண்டுமே பீக்கிங் இனத்தின் சாயலுள்ள பெரிய வெள்ளைத் தாராக்கள். ஒவ்வொன்றும் நான்கு கிலோவுக்குக் கிட்ட வரும். அதே கூட்டில் படுக்கும் காக்கி கெம்பல் கலப்புத் தாராக்கள் இரண்டு கிலோவைச் சுற்றியே நிற்பவை. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடற்பாரம் இந்த நோயில் எவ்வளவு பெரிய காரணம் என்பதை அப்போது என் கண்ணாலேயே கண்டேன்.

காலைத் தூக்கிப் பார்த்தபோது பாதத்தின் நடுவில் கடலையளவில் ஒரு கறுத்த பொருக்கும், அதைச் சுற்றிச் சூடான வீக்கமும் இருந்தன. அமுக்கிப் பிதுக்கினால் சீழ் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பறவையின் சீழ் மனிதரின் சீழைப்போல நீராக ஓடுவதில்லை. இறுகி, பிழிந்து வைத்த தயிர்க்கட்டியைப்போல உள்ளே உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர்த் தயிரை இந்த உவமைக்கு இழுப்பது பாவந்தான், ஆனாலும் வேறு நல்ல உவமை அகப்படவில்லை. ஆகவே பிதுக்குவதால் கிருமி அயலிலுள்ள தசைக்குப் பரவுவதைத் தவிர வேறு பயன் கிடையாது. சவர அலகால் வீட்டிலேயே கீறிக் கட்டியை வெளியே எடுக்கும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. நோவு தெரியாமல் செய்யவும், இரத்தம் பெருகினால் நிறுத்தவும் வழியில்லாத ஒருவர் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எனது சிகிச்சை முறை எளிமையானது. பழையவர்கள் பேதியுப்பு என்று சொல்லும் எப்சம் உப்பில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, அதில் தாராவின் பாதத்தைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஊறவைப்பேன். தாரா எந்தத் தண்ணீரைக் கண்டாலும் முதலில் வாயை வைத்துப் பார்க்கும் பிராணி; இந்தத் தண்ணீரைக் குடித்தால் உப்பின் பெயர் சொல்லும் காரியம் நடந்துவிடும் என்பதால், ஒருவர் அதன் தலையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொள்ளவேண்டும். பின்னர் காலை நன்றாகத் துடைத்து உலர்த்தி, பத்து வீத பொவிடோன் அயடினில் ஒரு பங்கை ஒன்பது பங்கு கொதித்தாறிய நீருடன் கலந்து, வெறுந்தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவந்து புண்ணைக் கழுவுவேன். எல்லாம் கையுறை போட்டுக்கொண்டு, குசினிப் பக்கம் போகாமல், கிணற்றடியிலிருந்து தள்ளி ஒரு வாளியில் செய்யவேண்டிய வேலை. அந்தக் கிருமி மனிதரின் கைக்காயத்திலும் ஏறக்கூடியது.

இதுவரை சொன்னவற்றில் சிரமம் எதுவுமில்லை. சிரமம் கட்டுப்போடும்போதே ஆரம்பிக்கிறது. கோழிக்குக் கட்டிய கட்டு இரண்டு நாள் நிற்கும். தாராவுக்குக் கட்டியது இரண்டு நாழிகை நிற்பதே பெரிய காரியம். முதலில் சாதாரண ஒட்டுப் பிளாஸ்டரைச் சுற்றினேன். ஈரத் தோலில் அது பிடிக்கவில்லை, பிடித்த இடத்தில் தோலையும் சேர்த்து உரித்தது. அடுத்து நெய்த துணிப் பண்டேஜைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அது நனைந்து கனத்து, நடக்கும்போது கழன்று, மணலை வாரிக்கொண்டு பின்னால் இழுபட்டு வந்தது. மூன்றாவதாக வாங்கியதுதான் இந்தத் தன்னொட்டுப் பட்டி.

அதன் மிகப் பெரிய குணம், எதில் ஒட்டுகிறது என்பதை விட எதில் ஒட்டுவதில்லை என்பதில்தான் இருக்கிறது. இறகிலும் தோலிலும் பொருக்கிலும் அது ஒட்டுவதில்லை. ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்றை வைத்து அழுத்தினால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே கிழிக்கலாம் என்பது, ஒரு கையில் துள்ளும் தாராவை வைத்திருப்பவருக்குத்தான் விளங்கும் வசதி. புண்ணின்மேல் ஒட்டாத வகை வலைத்துணியை நாலாக மடித்து வைத்து, முன்விரல்கள் மூன்றுக்கும் இடையிலுள்ள சவ்வைக் கசக்காமல், பாதத்தின் குறுக்கே இரண்டு சுற்று, பின்விரலுக்கு மேலால் கணுக்காலில் ஒரு சுற்று, மீண்டும் குறுக்கே ஒரு சுற்று என்று எட்டு வடிவில் கொண்டுபோனால் கட்டு வழுகாது. தாராவின் விரல்களிடையே சவ்வு இருப்பதால், கோழிக்குச் செய்வதைப்போல விரலிடுக்குகளுக்குள் பட்டியை விட்டு எடுக்க முடியாது. இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று கட்டுகள் வீணான பிறகு நானாகக் கண்டுகொண்டேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுருளிலிருந்து நேரடியாக இழுத்துச் சுற்றினால் இந்தப் பட்டி தன் இழுவிசையால் பின்னர் மெல்ல மெல்ல இறுகுகிறது. முதல் நாள் அப்படிக் கட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது செம்மஞ்சளாக இருந்த விரல்நுனிகள் வெளிறிக் குளிர்ந்திருந்தன. அன்றிலிருந்து தேவையான நீளத்தை முதலில் சுருளிலிருந்து பிரித்து, சில நிமிடம் தளர விட்டு, இழுக்காமல் சும்மா வைப்பதுபோலச் சுற்றுகிறேன். அரை மணித்தியாலத்தில் ஒருதடவை விரல்களைத் தொட்டும் பார்க்கிறேன். விற்பனைப் பெட்டியில் மனிதரின் முழங்காலுக்குச் சுற்றும் படம் மட்டுமே இருக்கிறது. இறுகும் என்ற எச்சரிக்கை நான் பார்த்த பெட்டியில் எங்கும் இல்லை. இரண்டாவது குறை, பட்டி நீரைத் தடுப்பதில்லை. நனைந்தாலும் கழன்றுவிடாது என்பது உண்மை. ஆனால் நனைந்த கட்டைக் காலில் விட்டுவைப்பது கட்டாமல் விடுவதை விடக் கேடானது. உள்ளே தோல் ஊறி வெளுத்துவிடுகிறது. மூன்றாவதாக, எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த மிச்சச் சுருள் பங்குனிக்குள் ஒட்டுந்தன்மையை இழந்து பொடியாய் உதிரத் தொடங்கியது. இப்போது அதை ஒரு தகர டப்பாவில் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறேன்.

எனவே கட்டைக் காய்ந்த நிலையில் வைப்பதற்காகத் தாராவைத் தனியே அடைக்க வேண்டியிருந்தது. அடைத்தாலும் அதற்குத் தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவ ஆழமான தண்ணீர் வேண்டும். அதை மறுத்தால் வேறு நோய் வரும். வாய் ஒடுங்கிய பழைய மண்சட்டியொன்றைச் செங்கல்களுக்கு நடுவே இறுக்கி வைத்தேன். தலை போகும், கால் போகாது. படுக்கைக்கு நெல் ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈர உமியில் பூஞ்சணம் பிடித்தால் தாராவின் நுரையீரலுக்கு ஆபத்து என்பதால் நாளுக்கொரு தடவை கிளறி, நனைந்ததை அள்ளி எறியவேண்டும்.

சேர்த்து வாங்கியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், பொவிடோன் அயடின் கொடுத்த பணத்துக்கு முழுப் பெறுமதி தந்தது. ஊதா நிறக் காயத் தெளிப்பான் ஒன்றையும் கடைக்காரர் எடுத்துத் தந்தார். அந்தச் சாயம் புண்ணின் உண்மையான நிறத்தை மறைத்துவிடுகிறது, அதோடு உணவுக்கான பிராணிகளில் அதைப் பாவிப்பதைப் பல நாடுகள் விலக்கியுள்ளன. முட்டை உண்ணும் வீட்டில் எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐதரசன் பெரொக்சைட்டு நுரைப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறிவரும் புதுத் தசையையும் அது அரித்துவிடும். பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஒள்ளுப்பம் வேப்பெண்ணெய் பூசிப்பாரு மனே, எல்லாம் காஞ்சு போகும்” என்றார். பெரியவரின் சொல்லைத் தட்டாமல் பூசிப்பார்த்தேன். பொருக்கு மெதுமையானது என்னவோ உண்மைதான், ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் பட்டி வழுகிக் கழன்றதால் மறுநாளே நிறுத்திவிட்டேன். முழுச் செலவையும் கேட்டறிந்த அதே மாமி, அந்தக் காசுக்கு இன்னொரு தாரா வாங்கி, இதைக் கறியாக்கியிருக்கலாமே என்றும் சொன்னார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை.

முதலாவது தாராவுக்கு இந்த முறை போதுமாயிருந்தது. நாளுக்கொரு தடவை கட்டை மாற்றி வந்ததில், ஒன்பதாம் நாள் பொருக்கு தானாக ஊறிக் கழன்று, கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் கட்டில்லாமல் மணலில் விட்டேன். இரண்டாவதற்கு ஒரு வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. நடுவிரலின் அடிவரை பரவி, காலை ஊன்றவே மறுத்தது. வேறொரு மருந்தகத்தில், மனிதருக்கான நுண்ணுயிர்கொல்லிக் குளிகைகளைத் தாராவின் எடையைக்கூடக் கேட்காமல் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அவற்றை நான் கொடுக்கவில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். வைத்தியர் காலை மரக்கச் செய்து, கீறி, புளியங்கொட்டையளவு இறுகிய கட்டியை எடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் எலும்பில் ஏறியிருக்கும் என்றும், மருந்து முடிந்த பின்னும் அவர் குறித்துத் தந்த நாள்வரை முட்டையை உண்ணக்கூடாது என்றும் சொன்னார். முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்தபோது வீட்டில் எழுந்த முணுமுணுப்பை இங்கு எழுதப்போவதில்லை. என் அனுபவத்தில் வீட்டு வைத்தியத்தின் எல்லை ஒரு வாரந்தான். தாரா காலை ஊன்றாவிட்டாலோ, வீக்கம் விரலுக்கோ கணுவுக்கோ ஏறினாலோ அந்த ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் அலுவலகத்தில் கட்டியதும் இதே வகைப் பட்டிதான். நான் சுற்றியதை விட அழகாகவும் தளர்வாகவும் இருந்தது.

தாரா வளர்ப்பவர்கள் மாரிக்கு முன்பே ஒரு சுருளை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பேன். நொண்டுவதைக் கண்டபின் மழைக்குள் கடை தேடி அலைவது சுகமான காரியமல்ல. வாங்கும்போது நிறத்தைக் கவனிக்கவேண்டும். முதல் இரண்டு சுருள்களும் கபில நிறம் என்பதால் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. மூன்றாவது முறை கபிலம் முடிந்துவிட்டதென்று கடைக்காரர் பளிச்சென்ற சிவப்பைத் தந்தார். அதைக் கட்டிக் கூட்டத்தோடு விட்ட மறுகணமே மற்ற எட்டுத் தாராக்களும் அந்தக் காலைச் சுற்றி நின்று கொத்தத் தொடங்கின. இப்போது மகனின் பழைய கறுப்புப் பாடசாலைக் காலுறையை வெட்டி அதன்மேல் மாட்டிவிட்டிருக்கிறேன். சீமெந்துத் தரையின்மேல் கடற்கரைப் பக்கத்திலிருந்து நான்கு வண்டி மணல் கொண்டுவந்து கொட்டியாயிற்று.