பிளெரியோ 11 செய்ய எது நல்லது: பால்சாவா, பிளாஸ்டிக்கா, ஊதுபத்திக் குச்சியா?

ஒரே விமானத்தின் மாடலை மூன்று தடவை செய்து முடித்திருக்கிறேன். பிளெரியோ 11 என்ற பழைய பிரெஞ்சு விமானம், 1/48 அளவு, அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. முதலில் பால்சா மரத்தில், அப்புறம் ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில், கடைசியாக மூங்கிலில். ரெடிமேட் கிட் கிடையாது. வரைபடத்தைச் சுருக்கிப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் கையால் வெட்டிச் செய்தவை. மூன்றும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கடற்கரை நடந்து போகிற தூரம்தான், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. நான் படித்துக் கற்றுக்கொண்ட குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் ஊரில் அவை செல்லாது என்பது ஒரு மாடல் கெட்டுப்போன பிறகுதான் புரிந்தது. அதனால் இந்த ஒப்பீட்டில் என் முதல் கேள்வி, தை பிறக்கும்போது விமானம் நேராக நிற்கிறதா என்பதுதான்.

ஏன் பிளெரியோ என்று கேட்பீர்கள். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ இந்த விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எனக்கு அதைவிட முக்கியம் இரண்டு வருடம் கழித்து நடந்தது. 1911 அக்டோபர் 23, லிபியாவில் இத்தாலிக்கும் துருக்கிக்கும் போர். கார்லோ பியாட்சா என்ற இத்தாலியக் கேப்டன் ஒரு பிளெரியோ 11-இல் ஏறிப்போய் எதிரிப் படை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். போரில் விமானம் பறந்தது அதுதான் முதல் தடவை என்று பொதுவாகச் சொல்வார்கள். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோதும் பிரெஞ்சு ராணுவத்திடம் பிளெரியோக்கள் இருந்தன. கடற்கரைச் சாலையில் ஜூலை 14-க்கு விளக்கு போடுவார்களே, அந்தப் போர் நினைவுச்சின்னத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்த்த விமானம் எப்படி இருந்திருக்கும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு.

போட்டிக்கு இன்னும் இரண்டு விமானங்கள் மனசில் இருந்தன. எட்ரிச் டவுபே, பறவை மாதிரி இறக்கை, கொள்ளை அழகு. அதே லிபியப் போரில் 1911 நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி கையால் குண்டு எறிந்தது அதிலிருந்துதான். ஆனால் இறக்கை 14.3 மீட்டர், 1/48-இல் செய்தாலே 30 செ.மீ., என் அலமாரியில் இடமில்லை. ஃபோக்கர் இ.3, சுழலும் புரொப்பெல்லருக்கு நடுவே சுடும் துப்பாக்கி வைத்த ஒற்றை இறக்கை விமானம், 9.5 மீட்டர், அளவு கச்சிதம். முதல் தடவை செய்கிறவருக்கு நான் சொல்வது ஃபோக்கர்தான், ஏனென்றால் உடம்பு முழுக்கத் துணியால் மூடியிருக்கும், உள்ளே எப்படிச் செய்தாலும் வெளியே தெரியாது. பிளெரியோ அப்படி இல்லை. 7.8 மீட்டர் இறக்கை, 1/48-இல் 16 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் வால் வரைக்கும் வெறும் மரச்சட்டம், குறுக்குக் கம்பிகள், அவ்வளவுதான். மூடி மறைக்க எதுவும் கிடையாது. அந்தத் திறந்த கூடுதான் பொருள்களுக்கு வைக்கும் பரீட்சை.

பால்சாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பறக்கிற மாடலுக்கு அதைப் போல ஒன்று இல்லை, எடையே தெரியாது, பிளேடு வெண்ணெயில் போவது போலப் போகும். இந்த அளவில் அது சரிப்படாது. வரைபடத்தைச் சுருக்கி அளந்தால் பிளெரியோவின் சட்டம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் வருகிறது, அந்தக் கனத்தில் பால்சாவைக் கீறினால் நார் விட்டுப் போகிறது, இடுக்கியால் தூக்கினாலே ஒடிகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் செய்து சமாளித்தேன், பார்க்க விமானம் மாதிரி இல்லை, பந்தல்கால் நட்ட மாதிரி இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது மின்சாரமும் இல்லை, ஜன்னல்களையும் சாத்தியே வைத்திருந்தோம். வீடே ஈரத்தில் ஊறிக்கிடந்தது. எல்லாம் அடங்கி அலமாரியைத் திறந்து பார்த்தால் இடது இறக்கை முறுக்கிக்கொண்டு நின்றது. வார்னிஷ் அடித்தது மேல்பக்கம் மட்டும், கீழ்ப்பக்கம் ஈரத்தைக் குடித்துவிட்டது. அது என் தப்பு, ஆனால் மற்ற இரண்டு பொருளும் அந்த அளவுக்குப் பழிவாங்குவதில்லை.

ஸ்டைரீன் ஷீட்டுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், அதுதான் அதன் பெரிய பலம். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று தடிமன் துல்லியமாகக் கிடைக்கும். வாங்குவதுதான் பாடு, நேரு வீதியில் ஸ்டேஷனரி கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்காமல் ஆன்லைனில் வரவழைத்தேன். ஒட்டுவது பசையால் இல்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவத்தால். பிரஷ் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இணைப்பில் தொட்டால் தானாக உள்ளே ஓடி இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் அதே திரவம் அரை மில்லிமீட்டர் கம்பியில் கொஞ்சம் கூடுதலாகப் பட்டால் கம்பியே குழைந்துவிடுகிறது, இதை வால் பக்கத்துக் குறுக்குச் சட்டங்களில் நான்கு தடவை அனுபவித்தேன். அப்புறம் இன்னொன்று. நீண்ட மெல்லிய பிளாஸ்டிக் கம்பிக்கு விறைப்பு கிடையாது. பக்கச் சட்டங்கள் நேராக ஒட்டி முடித்து, சட்டங்களை இறுக்கிப் பிடிக்கும் இழுவைக் கம்பி கட்ட ஆரம்பித்ததும், கட்டுகிற பக்கமெல்லாம் வளைகின்றன. மரத்தின் நிறத்தில் பெயின்ட் அடித்தாலும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் இறக்கைக்கு அதை அடிக்க ஆளில்லை. பிளெரியோவின் இறக்கை மெல்லியது, கீழ்ப்பக்கமும் உள்வாங்கி வளைந்திருக்கும். அரை மில்லிமீட்டர் ஷீட்டை வெட்டி ஒரு பி.வி.சி. குழாய்மேல் செல்லோடேப்பால் இறுக்கிக் கட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும், எத்தனை மழை பெய்தாலும் மாறாது. துணிக்கு அடியில் விலாச் சட்டங்கள் புடைத்துத் தெரிவதற்கு கால் மில்லிமீட்டர் பட்டைகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, பட்டைகளின் விளிம்பு தெரியாமல் லேசான புடைப்பு மட்டும் தெரிகிற வரை விடாமல் தேய்க்க வேண்டும்.

சரி, மூங்கில். இது எனக்குத் தோன்றிய விதமே தற்செயல். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிறார், மசாலா தேய்ப்பதற்கு முந்தைய வெற்றுக் குச்சிகள் கட்டுக் கட்டாக வாசலில் இருந்தன. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன், ஒடியவில்லை, விட்டதும் சட்டென்று நேரானது.

“இந்தக் குச்சி ஒரு பிடி குடுங்கக்கா, ஏரோப்ளேன் செய்யணும்.”

“எடுத்துக்கோப்பா. செஞ்சு முடிச்சா எடுத்துட்டு வந்து காட்டணும், ஆமா.”

அந்தக் குச்சி 1.3 மில்லிமீட்டர் கனம். அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவர, நகை செய்யும் ஆசாரிகள் கம்பி இழுக்கிற ஓட்டைத் தகடு ஒன்று வாங்கினேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தங்கத்தை இழுக்கும்போது கம்பியை ஓட்டையின் அகலமான வாய்ப்பக்கம் விட்டு இழுப்பார்கள், அது நசுங்கி மெலியும். மூங்கில் நசுங்காது, அதைச் சீவத்தான் வேண்டும். அதனால் தகட்டைத் திருப்பிப் பிடித்து, கூர்மையான விளிம்பு இருக்கும் பக்கத்திலிருந்து குச்சியை விட வேண்டும். முதலில் குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஒரு நுனியைக் கூராக்கி, பெரிய ஓட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் தகட்டின் முன்னால் பொடிச் சுருள்கள் சேரும், கையில் வருகிற இழை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து 0.6 மில்லிமீட்டரில் நூல் மாதிரி நிற்கும், அப்போதும் வளைத்தால் ஒடியாது. பத்தில் மூன்று நடுவில் அறுந்துபோகும், அது பரவாயில்லை, குச்சிக்குப் பஞ்சமில்லை. உருண்டையாக வருவதை உப்புத்தாளில் நான்கு பக்கமும் லேசாகத் தேய்த்தால் சதுரச் சட்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

பூச்சி அரிப்பது மூங்கிலின் பலவீனம். இழுப்பதற்கு முன்பே குச்சிகளைத் தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து நிழலில் காயவைத்துவிடுகிறேன், சட்டம் கட்டி முடித்ததும் மேலும் கீழும் அரக்கு பாலிஷ் இரண்டு கை. அந்த பாலிஷ் பட்டதும் வருகிற மஞ்சள் பழுப்பு நிறத்துக்கு நிகராக எந்தப் பெயின்டையும் நான் கலந்ததில்லை. நிஜ பிளெரியோவின் சட்டமும் மரம்தான், இதிலும் நார் ஓடுவது தெரிகிறது. ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டு ஒட்டினால் போதும். ஒரு முழு மழைக்காலம் தாண்டி நிற்கிறது, வால் நுனி அரை மில்லிமீட்டர்கூட விலகவில்லை.

மூங்கில் விலா கட்டி அதன்மேல் பட்டம் செய்கிற காகிதம் ஒட்டி ஒரு இறக்கை செய்து பார்த்தேன். தண்ணீர் தெளித்துக் காயவிட்டதும் காகிதம் மேளத்தோல் மாதிரி இறுகியது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி உள்ளே ஒவ்வொரு விலாவும் நிழலாகத் தெரிந்தது, நிஜத் துணி இறக்கையும் வெயிலில் அப்படித்தான் தெரியும், பிளாஸ்டிக்கால் அந்த அழகைக் கொடுக்கவே முடியாது. ஆனால் இறுகிய காகிதம் மெல்லிய விலாக்களை இழுத்துக் கோணலாக்கிவிட்டது. 1/48-இல் நான் தோற்றது இந்த ஒரு இடத்தில்தான், மனசில்லாமல் பிளாஸ்டிக் இறக்கைக்கே திரும்பினேன்.

இனி இழுவைக் கம்பிகள், அதாவது ரிக்கிங். பிளெரியோவில் இறக்கையைத் தாங்குவதும், இறக்கையையே முறுக்கி விமானத்தைச் சாய்ப்பதும் கம்பிகள்தான், அவை இல்லாமல் அது பிளெரியோவே இல்லை. இதில் நான்கைச் சோதித்தேன். தலைமுடி, கனம் மிகப் பொருத்தம், ஆனால் ஈரத்தில் முடி நீளும். பழைய காலத்து ஈரப்பதமானிக்குள் தலைமுடியைத்தான் வைத்தார்கள். மழை நாளில் தொங்கி, பங்குனியில் இறுகுகிறது. பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி நேராக நிற்கும், ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்தது. தங்கூசி நரம்புக்காக, அதாவது நைலான் தூண்டில் நூலுக்காக, கடலூர் முதுநகர் போனேன். மீன்பிடிச் சாமான் கடைப் பெரியவர் இருப்பதிலேயே மெல்லியதை எடுத்துப் போட்டு, “இதுல மீன் ஏதும் நிக்காது தம்பி” என்றார். எதற்கென்று சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டார். வலுவானது, துருப்பிடிக்காது, ஆனால் இந்த அளவுக்கு அதுவே தடிமன், 1/32-க்குத்தான் சரி.

ஜெயித்தது சூட்டில் இழுத்த பிளாஸ்டிக் இழை. கிட் பெட்டிகளில் பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, தளர்ந்ததும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் முடியைவிட மெல்லிய இழை வரும். சூப்பர் க்ளூவால் இரண்டு முனையும் ஒட்டிக் காய்ந்த பிறகு, பற்றவைத்த ஊதுபத்தியின் கங்கு நுனியை அருகில் கொண்டுபோனால் தொங்கல் சுருங்கி வீணைத் தந்தி மாதிரி நேராகும். கங்கு கொஞ்சம் கிட்டே போனாலும் அறுந்துவிடும், இரண்டு விரற்கடை தூரத்திலிருந்து மெதுவாக நெருங்க வேண்டும்.

என்ஜினில் பெரிய போட்டியே இல்லை. ராணுவ வகையில் வந்த நோம் என்ஜினுக்கு ஏழு சிலிண்டர், புரொப்பெல்லரோடு சேர்ந்து என்ஜினே சுற்றும். பிளாஸ்டிக் குச்சியில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் சிலிண்டரின் குளிர்விப்பு வளையங்கள் கிடைத்துவிடும். உயவுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய், பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால். அது விமானி முகம் வரைக்கும் தெறிக்கும். அதனால் என்ஜினுக்குப் பின்னால் முன்பக்கத் துணியில் நீர்த்த பழுப்புப் பெயின்டை மறக்காமல் தீற்றுங்கள்.

ஆக, 1/48-இல் செய்கிறவருக்கு என் பரிந்துரை: உடம்புக் கூடு மூங்கில், இறக்கையும் வாலும் ஸ்டைரீன், கம்பி இழுத்த பிளாஸ்டிக். பால்சா வேண்டாம். மூங்கில் மாடலை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், வால் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம குச்சியாப்பா?” என்று கேட்டார். அடுத்தது 1/32, இறக்கை 24 செ.மீ.; விலாக்களை இன்னும் தடிமனாக வைக்கலாம், பட்டக் காகிதத்தின் இழுப்பைத் தாங்கும் என்று நம்புகிறேன். குச்சிகள் வெந்து மாடிப்படி நிழலில் காய்கின்றன.