ஆற்றங்கரைத் திடலா, பால்மரத் (ரப்பர்) தோட்டத் திடலா?

மலேசியாவின் தாப்பா பக்கம் பள்ளி விடுமுறையில் முகாம் திடலைப் பார்த்துக்கொள்ள வரும் தன்னார்வலர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆற்றங்கரையில் பொழுது விடிவதே தண்ணீரின் முகத்தில்தான். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இங்கே வெயில் கொளுத்தினாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். கெப்பாலா ஆயேர், அதாவது மலையிலிருந்து திடீரெனப் பாயும் வெள்ளம், அடித்துக்கொண்டு வரச் சில நிமிடங்கள் போதும். விசிலை ஊதி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். "அண்ணே, இன்னும் அஞ்சே நிமிஷம்!" என்று கெஞ்சுவார்கள். இளகவே கூடாது. கூடாரத்தை மேட்டில் போடுங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லி நகர்த்துவதே பாதி வேலை. இரவிலும் காது ஆற்றிலேயே இருக்கும்.

தோட்டத் திடலில் அந்தப் பதற்றம் இல்லை. பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மட்டும் சருகு காய்ந்து கிடக்கும். அடுப்பைச் சுற்றித் தரையைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைக்க வேண்டும். மற்றபடி கழிப்பறை, குப்பை, கொசு. மரத்தில் விட்டுப்போன பால் கோப்பைகளில் மழைநீர் தேங்கினால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், காலையிலேயே கவிழ்த்துவிடுங்கள்.

புதியவர்கள் தோட்டத்தில் தொடங்குவதே நல்லது. ஆற்றங்கரைக்கு நீச்சல் தெரிந்த இருவராவது வேண்டும். அங்கே ஓர் ஆளைத் தனியாக நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எங்கே நின்றாலும், அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க எந்த இடத்தில் போன் லைன் கிடைக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.