பீர் நொதித்து முடிந்ததா: குமிழியைப் பார்ப்பதா, ஹைட்ரோமீட்டரா?

வீட்டில் பீர் தயாரிக்கிறவர்களில் பலர், ஏர்லாக்கில் (தொட்டி மூடியில் பொருத்தும், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சிறு குழாய்) குமிழி நின்றதுமே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து குமிழியை மட்டும் நம்பாதீர்கள். தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும்; உள்ளே ஈஸ்ட் மும்முரமாக இருந்தாலும் ஏர்லாக் அசையாது. அறை சூடானால், நொதித்து முடிந்த பீரும் குமிழி விடும்.

ஹைட்ரோமீட்டர், அதாவது பீரில் மிதக்கவிட்டு அளக்கும் கருவி, காட்டுவது அடர்த்தியை; தண்ணீருக்கு அது 1.000. சர்க்கரை குறையக் குறைய அளவு இறங்கும். 1.050-ல் தொடங்கிய பீர் 1.010 பக்கம் வந்து, மூன்று நாள் அங்கேயே நின்றால் சரி, அடைக்கலாம். கருவியை லேசாகச் சுழற்றி, ஒட்டிய குமிழிகளை உதறிவிட்டு அளவைப் பாருங்கள். அப்புறம், அளக்க எடுத்த பீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; கிருமி சேரும். அவசரத்தில் அடைத்த பாட்டில் வெடித்துக் கண்ணாடி சிதறலாம்.

தொடக்கத்தில் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்ததா என்று பார்க்க ஏர்லாக் போதும்.