சாக்குக்கு ஒரு நம்பர்: ஏலக்காய் குடோனுக்கு எந்த சாஃப்ட்வேர் ஒத்துவரும்?

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் இரண்டு பேர் சந்தித்தால், அன்றைய ரேட்டைப் பேசி முடித்ததும் அடுத்த பேச்சு இப்போது இதுதான்: டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலேயே இருப்பதா, வேறு சாஃப்ட்வேருக்குப் போவதா? பார்கோடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதில் போடுவது என்பதில்தான் குழப்பம். நான் குடோன் கணக்குப் பார்ப்பவன். டேலி பிரைம், ஜோஹோ இன்வென்டரி, ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் ஆகிய நான்கையும் எங்கள் சரக்கை வைத்தே ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சரக்கின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். சோப்புக் கட்டியை விற்பவருக்கு ஒரு பொருள், ஒரு பார்கோடு, அது போதும். ஏலக்காய் அப்படி இல்லை. வண்டன்மேடு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது காய் உலர்த்தும் கூடங்களில், உலர்ந்த காய், பச்சை நிறம் மங்காமல் இருக்க உள்ளே கறுப்பு பாலிதீன் உறை போட்ட சாக்கில் மலை இறங்கி வருகிறது. இங்கே சல்லடையில் ஏறியதும் 8 மி.மீ. தனி, 7 மி.மீ. தனி, சிறுகாய் தனி, வெடித்த காய் தனி. ஒரு சாக்கு நான்கைந்து சாக்குகளுக்குள் போய்ச் சேர்கிறது. பிரித்ததையெல்லாம் கூட்டினால் வந்த எடை வராது. தூசு போகும், ஈரம் ஏறும் இறங்கும்.

போன வருஷம் தவறான இடத்தில்தான் நானும் தொடங்கினேன். ரகத்துக்கு ஒரு பார்கோடு என்று அச்சடித்து, எல்லா 8 மி.மீ. சாக்கிலும் ஒரே லேபிளைக் கட்டினோம். சாக்குத் தைக்கும் அக்கா மூன்றாம் நாளே கேட்டுவிட்டார்: "தம்பி, எந்த மூட்டையக் காட்டுனாலும் ஒரே நம்பருதான் வருது. இது யாரு தோட்டத்துக் காய்னு மெசினுக்கு எப்படித் தெரியும்?" அந்த மாதமே ஒரு வாங்குபவர் நிறம் மங்கிய மூன்று சாக்கைத் திருப்பி அனுப்பினார். எந்தத் தோட்டத்துச் சரக்கு, எந்தத் தேதியில் சலித்தது, எதற்கும் எங்களிடம் பதில் இல்லை. நஷ்டம் எங்கள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் இரண்டே கேள்விதான் கேட்டேன். ஒவ்வொரு சாக்குக்கும் தனி நம்பர் தர முடியுமா? ஒரு சாக்கைப் பிரித்துப் பலவாக்கும்போது அந்த வரலாறு அறுந்து போகாமல் இருக்குமா?

டேலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆடிட்டருக்குத் தெரியும், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கும் தெரியும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஒரே ரகத்துச் சரக்கைத் தனித்தனித் தொகுதியாக அடையாளம் வைக்கும் பேட்ச் வசதியை ஆன் செய்து சாக்கு நம்பரையே பேட்ச் நம்பராகப் போடலாம். சரக்கு மாற்றத்தை எழுதும் ஸ்டாக் ஜர்னலில் இந்தப் பக்கம் ஒரு சாக்கு, அந்தப் பக்கம் நான்கு ரகம் என்று எழுதலாம். எடை பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆக, என் இரண்டு கேள்விக்கும் அதனிடம் பதில் உண்டு. சிக்கல் கை வேகத்தில். ஐட்டத்தின் மாற்றுப் பெயராகப் பார்கோடு நம்பரைப் போட்டு வைத்தால் ஸ்கேன் செய்ததும் ஐட்டம் வந்துவிடும். ஆனால் குடோன், பேட்ச், எடை என்று ஒவ்வொரு கட்டமாக இறங்க வேண்டும். லாரி வாசலில் நிற்க, 60 சாக்குக்கு இதைச் செய்து பாருங்கள். லேபிள் அச்சடிக்கவும், காட்டியவுடன் வரிசையாக ஏறவும் டேலிக்கென்றே உள்ள டிடிஎல் மொழியில் கூடுதல் வசதி (ஆட்-ஆன்) ஒன்றைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் போனை எடுக்கும் வரைதான் அது நமக்கு உதவும்.

ஜோஹோ நம் ஊர்க் கம்பெனி, தென்காசி மத்தளம்பாறையிலேயே அலுவலகம் வைத்திருக்கிறார்கள். திரை தெளிவாக இருக்கிறது, போன் கேமராவிலேயே ஸ்கேன் ஆகிறது. 50 கிராம், 100 கிராம் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பல பொருளைச் சேர்த்து ஒன்றாக்கும் வேலைக்கு அது நன்றாக வளைந்து கொடுக்கிறது. எங்கள் வேலையோ நேர் எதிர்: ஒன்றைப் பலவாக்குவது. ஒவ்வொரு சலிப்புக்கும் இருப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும்படி ஆனது. இருப்பு சரியாக வந்தது, சாக்கின் வரலாறுதான் அறுந்தது. எல்லாமே இன்டர்நெட்டில் இருப்பதால், நெட் போன நேரத்தில் குடோன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் நேர்ந்தது.

ஸ்கேன் செய்யும் அனுபவத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் முதலிடம் ஓடூவுக்குத்தான். எந்த இடத்திலிருந்து, எந்தச் சாக்கு, எந்த இடத்துக்கு என்று மூன்று முறை காட்டினால் முடிந்தது. தப்பான சாக்கைக் காட்டினால் அங்கேயே தடுக்கிறது. பேட்ச் நம்பர் போன்ற லாட் நம்பரைச் சாக்குக்கு ஒன்றாகக் கொடுத்தோம், அழகாக நின்றது. ஆனால் அந்தப் பார்கோடு திரை காசு கட்டும் எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் வருகிறது. இலவச கம்யூனிட்டி பதிப்பில் இல்லை. கட்டணமும் ஆள் கணக்கில். சீசனில் ஸ்கேனர் பிடிக்கும் ஆறு பேருக்கும் வருஷம் முழுக்கக் கட்டுவது எங்களைப் போன்ற குடோனுக்குப் பெரிய சுமை. சலிப்புக்கும் முதலில் ஒரு செய்முறைப் பட்டியலைப் போட்டு வைத்தோம்: இவ்வளவு உள்ளே, இவ்வளவு வெளியே. மழை பெய்த வாரத்துக் காயும் வெயில் வாரத்துக் காயும் ஒரே கணக்கில் பிரியாது. ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே இருந்தோம்.

இஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் பிறந்த ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலைத் திறந்து வைத்தது. ஆள் கணக்கில் லைசன்ஸ் கட்டணம் கிடையாது. குடோனிலேயே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், வெளியே நெட் இல்லாவிட்டாலும் உள்ளே வைஃபையில் ஓடும். இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். சாக்குக்குத் தனி நம்பர் என்றதும் எல்லோரும் சீரியல் நம்பரைத்தான் கேட்பார்கள். கேட்காதீர்கள். சீரியல் என்றால் அளவு ஒன்று என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், 48.350 கிலோ என்று எழுத விடாது. கிலோவில் கணக்கு வைப்பவர் சாக்கு ஒவ்வொன்றையும் ஒரு பேட்ச் ஆக்க வேண்டும். சரக்கு வரவு, மாற்றம் எழுதும் ஸ்டாக் என்ட்ரியில் இருக்கும் ஸ்கேன் கட்டம் பேட்ச் நம்பரையும் புரிந்துகொள்வதால், சாக்கைக் காட்டியதும் ரகமும் பேட்சும் சேர்ந்தே வந்துவிடும்.

சலிப்புக்கு ‘ரீபேக்’ என்றொரு வகை இருக்கிறது. ஒன்று உள்ளே போய் நான்கு வெளியே வந்தால், நான்குக்கும் விலையை நீங்களே போடுங்கள் என்று நிற்கும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. 8 மி.மீ. காய்க்கும் வெடித்த காய்க்கும் ஒரே அடக்க விலை போட்டால் அது பொய்க் கணக்கு. எந்த ரகம் எவ்வளவு தாங்கும் என்பது வியாபாரிக்குத்தான் தெரியும். உண்மையான குறை வேறு: போன் திரையில் பட்டன்கள் சிறிசு. பேக்கப், அப்டேட் பார்க்கத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எல்லையில் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. கேரளத்துக் குமுளியில் ஒரு குடோன், இங்கே போடியில் ஒரு குடோன் என்றால் இரண்டு மாநிலம், இரண்டு ஜிஎஸ்டி எண். சொந்தச் சரக்கையே இறக்கினாலும் சட்டப்படி அது சப்ளை. மாநிலம் தாண்டும் சரக்குக்கான வரியான ஐஜிஎஸ்டியோடு பில் வேண்டும். மாநிலம் தாண்டும்போது மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால், வண்டியில் போகும் சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். இன்றைய விலைக்கு ஒரு சாக்கே அதைத் தாண்டிவிடும். ஆகவே சாஃப்ட்வேரில் ‘குடோன் மாற்றம்’ என்று தட்டிவிட்டு வண்டியை அனுப்ப முடியாது. டேலி பிரைமில் 3.0 பதிப்பிலிருந்து ஒரே கம்பெனிக்குள் பல ஜிஎஸ்டி எண் வைக்கலாம். இஆர்பிநெக்ஸ்டுக்கு ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற இலவச ஆப் ஒன்றையும் சேர்த்து ஏற்ற வேண்டும். இ-வே பில் அதிலிருந்தே போகும்.

எதை எடுத்தாலும் லேபிளில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ரிப்பன் இல்லாத தெர்மல் பேப்பர் சூட்டிலும் வெயிலிலும் நிறம் மாறி எழுத்து மறைந்துவிடும். ரிப்பன் பிரிண்டர் வாங்குங்கள். ஸ்டிக்கர் சணல் சாக்கில் ஒட்டாது. நாங்கள் அட்டையில் அச்சடித்து, வாய் தைக்கும்போதே தையலுக்குள் கொடுத்துத் தைத்துவிடுகிறோம். நம்பரில் எழுத்து வேண்டாம், இலக்கம் மட்டும் இருக்கட்டும். காரணம் உண்டு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான். யாரோ கீபோர்டைத் தமிழ் தட்டச்சு முறையான தமிழ்99-க்கு மாற்றி வைத்துவிட்டுப் போக, லேபிளில் இருந்த ஆங்கில எழுத்து தமிழாக விழுந்து, அப்படி ஒரு பேட்சே இல்லை என்றது சாஃப்ட்வேர். பிரிண்டரைக் குறை சொல்லி அரை நாள் போனது. கோடு 128 என்ற பார்கோடு வகையில் இலக்கம் இரண்டிரண்டாகச் சுருங்குவதால் பார்கோடின் நீளமும் குறையும்.

நாங்கள் கடைசியில் சரக்கை இஆர்பிநெக்ஸ்டிலும் கணக்கை டேலியிலும் வைத்திருக்கிறோம். மாலையில் விற்பனை பில்களை ஒருவர் உட்கார்ந்து டேலியில் ஏற்றுகிறார். ஒரு மணி நேர வேலை, அதை மறைக்க விரும்பவில்லை. சலிப்பு இல்லாமல் வாங்கி அப்படியே விற்பவர், நாளுக்குப் பத்து சாக்குக்குள் ஓடுபவர், டேலியை விட்டு நகர வேண்டியதில்லை. டெமோ காட்ட யாராவது வந்தால், அவர் கொண்டுவரும் மாதிரிச் சரக்கை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் சாக்கு ஒன்றை அவிழ்த்துச் சல்லடையில் கொட்டி, வருவதை அவர் கண்முன்னே எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.