மூஸ் ஜா போகிறவர்களே, சாவி வாங்குமுன் காரின் முன்கண்ணாடியைப் பாருங்கள்

போன ஆகஸ்ட் கடைசியில் நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மூவரும் டொரான்டோவிலிருந்து சஸ்காட்சுவன் மாகாணத்துக்கு நான்கு நாள் போய்வந்தோம். ரெஜைனாவில் நண்பன் வீட்டுப் புதுமனை புகுவிழா. அது முடிந்ததும் பக்கத்தில் மூஸ் ஜா என்ற சின்ன ஊரைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். பயணம் முடிந்து மூன்று வாரம் கழித்து என் கிரெடிட் கார்டில் 891 டாலர் பிடித்திருந்தார்கள். காரின் மொத்த வாடகையே 410 டாலர்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. எந்தப் பலகையின் கீழும் இது நடக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பக்கம் போனால் கார் இல்லாமல் முடியாது. மாகாண அரசு நடத்திய பேருந்து நிறுவனத்தை 2017இல் மூடிவிட்டார்கள். கிரேஹவுண்ட் என்ற பேருந்து நிறுவனமும் 2018 அக்டோபரோடு மேற்குக் கனடாவிலிருந்து கிளம்பிவிட்டது. ரயிலா என்றால், டொரான்டோவிலிருந்து வான்கூவர் போகும் வியா ரயில் வடக்கே சஸ்கட்டூன் வழியாகப் போகிறது. ரெஜைனாவுக்கும் மூஸ் ஜாவுக்கும் 1990லிருந்து பயணிகள் ரயில் கிடையாது. ரயில்வே கம்பெனியால் வளர்ந்த ஊருக்கு ரயிலில் போக வழியில்லை. தனியார் பேருந்து ஏதாவது இருக்கும், ஆனால் முட்டி வலிக்கும் மாமியாரை வைத்துக்கொண்டு அதன் நேரத்துக்கு நாம் ஓட முடியாது. இது வாடகைக்கார்க்காரர்களுக்கும் தெரியும்.

ரெஜைனா விமான நிலையத்தில் இறங்கிக் கவுண்டருக்குப் போனோம். இளைஞர், நல்ல சிரிப்பு. முதலில் ஒரு நாளைக்கு முப்பத்தைந்து டாலர் காப்பீட்டைத் தள்ளிவிடப் பார்த்தார். என் கார்டிலேயே வாடகைக்கார் சேதக் காப்பீடு இருந்ததால் வேண்டாம் என்றேன். (இப்படிப்பட்ட கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: முழு வாடகையையும் அதே கார்டில் கட்டி, அவர்களுடைய சேதக் காப்பீட்டை மறுத்திருந்தால்தான் பெரும்பாலும் அது செல்லும்.) சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ரசீது அடித்துக் கொடுத்தார்: மாலை 4:25. வண்டி வெளியே நிற்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கூட யாரும் வரவில்லை.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமியார்தான் பார்த்தார்.

"மாப்ளே, கண்ணாடியில என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க."

"பூச்சி அடிச்சிருக்கும் அத்தை."

அவர் விடவில்லை. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பூச்சி இல்ல, உடைசல்" என்றார். பயணி பக்கம், வைப்பருக்குக் கொஞ்சம் மேலே, மிளகு அளவில் ஒரு சில்லு. அதிலிருந்து மூன்று கால் நட்சத்திரம்போல் ஓடியிருந்தது. நான் திரும்பக் கவுண்டருக்குப் போய்ச் சொன்னேன். அந்தத் தம்பி தலை நிமிராமலே, "இரண்டு டாலர் காசுக்குள் அடங்கினால் கணக்கில் சேராது, இங்கே எல்லா வண்டியிலும் இருக்கும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. படிவத்தில் ஒரு கார் படம் போட்டிருக்கும் இல்லையா, அதில் பின்பம்பரில் இரண்டு கீறல் ஏற்கெனவே குறித்திருந்தது. கண்ணாடியையும் அதில் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. என் தப்பு அங்கே ஆரம்பித்தது.

மாமியார் ஊருக்கு அனுப்ப வண்டியோடு ஒரு படம் வேண்டும் என்றார். மனைவி தன் பழைய கேமராவில் எடுத்தாள். அந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மூஸ் ஜாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ரெஜைனாவிலிருந்து மேற்கே எழுபது கிலோமீட்டர், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற கோதுமையும் கனோலாவும். மக்கள்தொகை 33 ஆயிரத்துச் சொச்சம். நுழைந்ததுமே மேக் என்ற மூஸ் மான் சிலை, 1984இல் வைத்தது. 2015இல் நார்வேக்காரர்கள் இதைவிட முப்பது சென்டிமீட்டர் உயரமாக ஒரு மானை நிறுத்திவிட, இவர்கள் 2019இல் மேக்குக்குப் பெரிய கொம்பு மாட்டி, உலகிலேயே உயரமான மூஸ் சிலை என்ற பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள். கொம்பை வைத்துக்கூட கவுரவப் பிரச்சினை! மாமியாருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. பூமிக்குள் ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து வரும் கனிம வெந்நீர்க் குளத்தில் முட்டி நனைய உட்கார்ந்தார். ஊருக்கு அடியில் சுரங்கச் சுற்றுலா உண்டு, நடிகர்களே கூட்டிப்போகிறார்கள். அமெரிக்கத் தாதா அல் கபோன் இங்கே ஒளிந்திருந்தான் என்பார்கள், அதற்குச் சான்று ஏதும் கிடையாது, நாடகம் என்று ரசிக்கலாம். சீனக் குடியேறிகளைப் பற்றிய இன்னொரு சுற்று அப்படியில்லை. 1903லிருந்து தலைக்கு 500 டாலர் வரி கட்டினால்தான் சீனர் ஒருவர் இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியும் என்ற நிலை இருந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

அடுத்த நாள் ஒரு வேலை செய்தோம். ஊருக்கு வெளியே பழைய தானியக் கிடங்கு ஒன்று தூரத்தில் தெரிந்தது. மரத்தால் கட்டிய உயரமான எலிவேட்டர், அந்தப் பக்கத்துக்கே அடையாளம். படம் எடுக்கலாம் என்று நெடுஞ்சாலையை விட்டுச் சரளைச் சாலையில் மூன்று கிலோமீட்டர் போனோம். அங்கே நிலத்தை மைல் கணக்கில் சதுரம் சதுரமாக அளந்து நடுவில் சாலை விட்டிருக்கிறார்கள். கிரிட் ரோடு என்பார்கள், பெரும்பாலும் சரளைதான். எதிரே தானிய லாரி ஒன்று வந்தது. நான் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கல் எதுவும் அடிக்கவில்லை, தூசிதான். ஆனால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் "தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது" என்று ஒரு வரி இருந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். அந்த மாகாணத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினாலே சரளை. மீன்பிடி வலையை வாடகைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் நனைக்காதே என்பதுபோல.

திரும்பும் விமானம் விடிகாலையில். கவுண்டரில் ஆள் இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். இது இரண்டாவது தப்பு. இருட்டில் வண்டியைச் சுற்றி ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்த கணக்கு இது: முன்கண்ணாடி மாற்ற 612. வண்டி ஓடாமல் நின்ற மூன்று நாளுக்கு, நாளொன்றுக்கு 68 வீதம் 204. கோப்பு நிர்வாகக் கட்டணம் 75. முதலில் பணத்தைப் பிடித்துவிட்டுப் பிறகுதான் மின்னஞ்சல் அனுப்பினார்கள். கூடவே ஒரே ஒரு படம்: அதே மிளகுச் சில்லு, அதே மூன்று கால், மேலே ஒரு ஸ்டிக்கர். கண்ணாடிக்கடை பில் கிடையாது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் பணத்தைக் கட்டினது கட்டினதுதான் என்று விட்டுவிடத்தான் இருந்தேன். சரளையில் போனது நான்தானே. ஒருவேளை அந்த லாரி கல்லைத் தூக்கி அடித்திருக்குமோ, முதல் நாள் பார்த்தது வேறு சில்லோ என்று எனக்கே சந்தேகம். மாமியார் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசியபோது மனைவி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து ஒரே கத்தல். "நான் அன்னைக்கே நகத்தால சுரண்டிப் பாத்தேன்ல மாப்ளே! என்னை நிக்க வெச்சுப் படம்கூட எடுத்தீங்களே!"

அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமியாரின் தோளுக்கு மேலே, வைப்பருக்கு அருகில், மூன்று கால் நட்சத்திரம் தெளிவாக இருந்தது. பின்னால் அவர்களுடைய நிறுத்துமிடம். அனுப்பினேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

நான்கு நாளில் பதில். "உங்கள் படம் மாலை 6:33க்கு எடுத்தது. வண்டி உங்கள் கைக்கு வந்தது 4:25. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் சேதம் நேர்ந்து, நீங்கள் மீண்டும் விமான நிலையம் வந்திருக்கலாம். தார் போடாத சாலையில் ஓட்டினீர்களா என்பதையும் தெரிவிக்கவும்."

இந்தப் பதிலைப் படித்ததும் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு. சஸ்காட்சுவன் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் பழக்கம் இல்லாத மாகாணம். 1966இல் சட்டமே போட்டு அதை முடித்துவிட்டார்கள். அதனால் டொரான்டோவுக்கும் அதற்கும் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம், கோடையில் இரண்டு மணி. கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும். மனைவியின் பழைய கேமரா மாற்றாது. கேமரா சொன்ன 6:33 டொரான்டோ நேரம். அங்கே அப்போது 4:33. ரசீது அடித்த எட்டாவது நிமிடம்.

இதை வாயால் சொன்னால் ஒப்புவார்களா? அதே கேமராவில் இருந்த மற்றப் படங்களைத் துழாவினேன். மறுநாள் மூஸ் ஜா நகர மன்றக் கட்டடத்தை மனைவி எடுத்திருந்தாள். முன்பு அஞ்சலகமாக இருந்த பழைய கல் கட்டடம், மேலே மணிக்கூண்டு. கோப்பின் நேரம் 12:20. படத்தில் மணிக்கூண்டு காட்டியது 10:20. அந்தக் கடிகாரத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

இரண்டு படத்தையும் மூலக் கோப்பாகவே அனுப்பினேன். சரளைச் சாலைக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் எழுதினேன்: ஆம், மூன்று கிலோமீட்டர், மறுநாள், படம் அதற்கு முந்தின நாள் எடுத்தது. இல்லை என்று எழுதும்படி நண்பன் சொன்னான். நான் கேட்கவில்லை. வண்டிக்குள் இருப்பிடம் பதியும் கருவி இருந்து, பிறகு பொய் என்று காட்டினால் என் படத்துக்கும் மதிப்பு போய்விடும். கூடவே மூன்று காகிதம் கேட்டேன்: தேதியோடு கண்ணாடிக்கடை பில், எனக்கு முன்னால் ஓட்டியவர் வண்டியைத் திருப்பிய அன்றைய பரிசோதனைக் குறிப்பு, அந்த மூன்று நாளும் அவர்களிடம் வேறு வண்டியே மிச்சமில்லாமல் இருந்ததற்கான பதிவு. முன்கண்ணாடி மாற்றுவது ஒரு மதியத்துக்குள் முடிகிற வேலை. மூன்று நாள் எதற்கு? பத்து நாளில் தராவிட்டால் மாகாண நுகர்வோர் அமைப்புக்கு எழுதுவேன் என்று முடித்தேன். அதே நாளில் வங்கியிடமும் அந்தத் தொகையை மறுத்து மனு கொடுத்தேன்.

கார்டு காப்பீட்டையும் தட்டிப் பார்த்தேன். அவர்களும் அதே பில்லைத்தான் கேட்டார்கள். பில் இல்லாமல் கிளெய்ம் நகராது. வாடகை நிறுவனம் கடைசி வரை பில் தரவேயில்லை. கண்ணாடியை உண்மையில் மாற்றினார்களா, இல்லை அதே சில்லோடு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டாவதுதான் என்று என் மனசு சொல்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அடுத்து அந்த வண்டியை எடுத்தவர் கையில் மணிக்கூண்டுப் படம் இருந்திருக்காது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சாவி கைக்கு வந்ததும், ஓர் அடி நகர்த்தாமல், வண்டியைச் சுற்றிக் கைபேசியில் வீடியோ எடுங்கள். முன்கண்ணாடிக்கு மட்டும் தனியாக அரை நிமிடம். வெயில் எதிரடித்தால் உள்ளே உட்கார்ந்து வெளியே பார்த்து எடுங்கள், சில்லு பளிச்சென்று தெரியும். தொடங்கும்போது ரசீதையும் கவுண்டரில் உள்ள கடிகாரத்தையும் காட்டிவிடுங்கள். "கணக்கில் சேராது" என்று வாயால் சொன்னால் அதையே படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு வண்டி கேளுங்கள். விடிகாலை விமானம் என்றால் முந்தின இரவே வண்டியைக் கொடுத்துவிட்டு டாக்சியில் போவது நல்லது. டாக்சிக்கு ஆகிற காசு 891 ஆகாது.

ஏழு வாரம் கழித்து 816 டாலர் திரும்பி வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, "நல்லெண்ண அடிப்படையில்" என்று ஒரு வரி மட்டும். நிர்வாகக் கட்டணம் 75ஐ மட்டும் தர மாட்டார்களாம், கோப்பைத் திறந்த செலவாம். யார் திறக்கச் சொன்னது? அந்த 75க்கும் வங்கியில் மனு நிலுவையில் இருக்கிறது. என்ன ஆனாலும் இதே இடத்தில் சேர்க்கிறேன்.